சிக்கல் கேத்தோடில் அல்லவா இருக்கிறது?

தீப்பிடிக்காது, மலிவு, அதனால் இனி ஸ்கூட்டருக்கும் ஜிங்க் அயன் (துத்தநாக அயனி) பேட்டரிதான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, தண்ணீர் கலந்த எலக்ட்ரோலைட் (பேட்டரிக்குள் அயனிகள் நகரும் திரவம்), பற்றி எரியாதுதான். ஆனால் கேத்தோடு, அதாவது பேட்டரியின் நேர்முனை, பற்றி ஒரு வரிகூட இல்லையே! கேத்தோடுக்கு மாங்கனீசு டை ஆக்சைடு வைத்தால் விலை குறைவு, 1.3 வோல்ட் அளவுக்குக் கிடைக்கும். ஆனால் சார்ஜ் ஏறி இறங்க, மாங்கனீசு கொஞ்சம் கொஞ்சமாக எலக்ட்ரோலைட்டில் கரைந்துபோகும். அதைத் தடுக்கத்தான் மாங்கனீசு சல்பேட்டை முன்கூட்டியே கலந்து வைக்கிறார்கள். அதற்குப் பதில் வனேடியம் ஆக்சைடு வைத்தால் பொதுவாக நிறைய நாள் தாங்கும், வோல்ட்டேஜ் 0.8 பக்கம்தான், விலையும் கூட. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரிக்கு இன்னமும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்துக்கு ஜிங்க் அயன் பேட்டரி வந்தால் முதல் ஆளாக வாங்குவேன், அங்கே எடை ஒரு பொருட்டில்லை. எடை முக்கியமான ஸ்கூட்டருக்கும் என்பதுதான் கொஞ்சம் ஓவர்.