காரணம் சொல்லாத கடிதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மகனுக்கு நேஷனல் ஹானர் சொசைட்டியில், அதாவது இங்கே அமெரிக்காவில் சிறந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கௌரவ அமைப்பில், இடம் கிடைத்துவிட்டது. அதனால் இந்தப் பதிவை 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' கணக்கில் யாரும் சேர்க்க வேண்டாம். கிடைக்காமல் போன ஒரு பெண்ணை முன்னிட்டுத்தான் எழுதுகிறேன். அவனோடு படிப்பவள், எங்கள் தெருப் பெண். மார்க்கில் இவனைவிட ஒரு படி மேலே. அவளுக்குப் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில், தகுதியானவர்கள் பலர் இருந்தார்கள், எல்லோரையும் சேர்க்க முடியவில்லை, உன் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்று இருந்தது. ஏன் என்பது மட்டும் இல்லை.

அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 1921-இல் இங்குள்ள உயர்நிலைப் பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் தொடங்கியது இந்த அமைப்பு. முதல் கிளை பிட்ஸ்பர்க் நகரத்துப் பள்ளி ஒன்றில். இன்று நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிகளில் கிளை உண்டு. சேர்வதற்கு நான்கு தகுதிகள்: படிப்பு, சேவை, தலைமைப் பண்பு, குணம். படிப்புக்குத் தேசிய அளவில் குறைந்தபட்ச வரம்பு நான்குக்கு 3.0 ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி), அல்லது 85 சதவீதம். பள்ளிகள் அதை உயர்த்திக்கொள்ளலாம். போட்டி அதிகமுள்ள ஊர்களில் உயர்த்தாத பள்ளியைத் தேடத்தான் வேண்டும்.

அந்த வரம்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ஒரு படிவம் வரும். எங்கெங்கே சேவை செய்தாய், எந்தக் கிளப்பில் என்ன பொறுப்பு என்றெல்லாம் கேட்கும். பெற்றோர் எல்லோரும் அதை அப்ளிகேஷன் என்றுதான் சொல்கிறோம். அமைப்பின் கணக்கில் அது விண்ணப்பமே அல்ல, தகவல் படிவம். ஏனென்றால் இங்கே யாரும் கேட்டுச் சேர்வதில்லை, அவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளி முதல்வர் நியமிக்கும் ஐந்து ஆசிரியர்கள் உட்கார்ந்து ஓட்டுப் போடுவார்கள். கிளையை நடத்தும் ஆசிரியருக்கு ஓட்டு கிடையாது. பெரும்பான்மை கிடைத்தால் உள்ளே, இல்லாவிட்டால் அந்தக் கடிதம்.

படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எண் எண்தான். சேவையில்தான் விஷயம் ஆரம்பிக்கிறது. மணிக்கணக்குக் காட்ட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். உணவு வங்கி, நூலகம், நம் ஊர்க்காரர்களாக இருந்தால் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியர், சங்கத்துப் பொங்கல் விழாவில் நாற்காலி போடுவது. எல்லாம் நல்ல வேலைகள்தான். ஆனால் அந்த மணிநேரங்களுக்குப் பின்னால் ஒரு கார் இருக்கிறது, அதை ஓட்ட சனிக்கிழமை காலையில் வேலை இல்லாத அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். பேருந்து வராத புறநகரில் பதினாறு வயதுப் பிள்ளை எப்படித் தனியாகப் போகும்? அம்மா இரவு ஷிஃப்ட் போகும் வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, ஹோம்வொர்க் பார்க்கிற பெண்ணுக்குப் பல பள்ளிகளில் ஒரு மணிகூடக் கணக்கில் சேராது. குடும்பத்துக்குச் செய்வது சேவை இல்லையாம். கடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தாலும் சேராது. எங்கள் தெருப் பெண் இந்த இரண்டையும் செய்கிறாள்.

தலைமைப் பண்புக்கு வந்தால் கூத்து. ஒரு கிளப்புக்கு ஒரு தலைவர்தான் இருக்க முடியும் என்பதால் பிள்ளைகள் புதுப் புதுக் கிளப்பாகத் தொடங்குகிறார்கள். தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நான்கு நண்பர்கள், உறுப்பினரும் அந்த நான்கு பேர்தான். இன்னொரு ஓரிகமி கிளப்பைப் பற்றிக் கேள்விப்பட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இதைப் பிள்ளைகள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தால் நிரப்பத்தானே செய்வார்கள்.

உண்மையான சிக்கல் நான்காவது தகுதி. குணம்.

ஐந்து பேர் ஒரு மூடிய அறையில் பதினாறு வயதுப் பிள்ளையின் குணத்தை எப்படி எடைபோடுவார்கள்? பல பள்ளிகளில் மற்ற ஆசிரியர்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். வகுப்பில் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் பையன் ஒரு ஆசிரியருக்கு ஆர்வமுள்ளவன், இன்னொருவருக்கு வாய்த்துடுக்கு. பேசாமல் இருக்கும் பெண் ஒருவருக்கு அடக்கம், மற்றவருக்கு ஈடுபாடு இல்லாதவள். எந்த ஆசிரியர் என்ன சொன்னார் என்று பிள்ளைக்குத் தெரியாது. தெரியாததற்குப் பதில் சொல்லவும் முடியாது.

இது வெறும் சந்தேகம் இல்லை, கோர்ட் வரைக்கும் போன கதை. பென்சில்வேனியாவில் 1980-களில் கர்ப்பமான ஒரு மாணவியை இந்த அமைப்பிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது கர்ப்பத்துக்காக அல்ல, திருமணத்துக்கு முந்தைய உறவுக்காக என்பது பள்ளியின் வாதம். 1990-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் பள்ளியின் பக்கமே நின்றது. ஆனால் அதே மாதிரி நடந்தும் நீக்கப்படாத ஒரு பையனைப் பற்றிய சாட்சியத்தைக் கேட்காமல் விட்டது தவறு என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1998-இல் கென்டக்கியில் இரண்டு பெண்கள். மார்க் தகுதி இருந்தும், ஒருத்தி தாய், இன்னொருத்தி கர்ப்பிணி என்பதால் சேர்க்கவில்லை. அங்கே நீதிபதி சேர்த்துக்கொள்ளச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டார். வயிறு தெரிந்தவர்களுக்கு மட்டும் குணம் இல்லை என்றால் அது என்ன அளவுகோல்? பையன்களுக்கு வயிறு தெரியாதே.

நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் சேர்க்கையில் ஆசிய அமெரிக்க மாணவர்களிடம் பாகுபாடு காட்டுகிறது என்று போட்ட வழக்கு நினைவிருக்கும், 2018-இல் விசாரணை, 2023-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த விசாரணையில் வெளியே வந்த ஒரு விஷயம்: படிப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு, ஆளுமைக்கான மதிப்பீட்டில் சேர்க்கை அலுவலகம் சராசரியாகக் குறைவாகப் போட்டிருந்தது. அதற்குப் பாகுபாடு காரணமா இல்லையா என்பதில் இரு தரப்பும் மோதின. அது முடிவில்லாத விவாதம். ஆனால் அந்த எண்கள் வெளியே வந்ததே வழக்குப் போட்டதால்தான். ஒரு பள்ளிக்கூடத்தின் ஐந்து ஆசிரியர் குழுவின் மேல் யார் வழக்குப் போடப் போகிறார்கள்? போட்டாலும், இந்த உறுப்பினர் தகுதி சலுகைதானே தவிர உரிமை அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

அப்படியானால் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாமே என்று நம்மவர்கள் உடனே சொல்வார்கள். அதற்கும் மாதிரி இருக்கிறது. அதே 1921-இல் தொடங்கிய கலிபோர்னியா ஸ்காலர்ஷிப் ஃபெடரேஷன், அந்த மாநிலப் பள்ளி மாணவர்களுக்கான இதே மாதிரி கௌரவ அமைப்பு, அதில் ஒவ்வொரு செமஸ்டரும் புள்ளிக் கணக்கு. ஏ வாங்கினால் மூன்று, பி வாங்கினால் ஒன்று, குறிப்பிட்ட பாடங்களிலிருந்து பத்துப் புள்ளி சேர வேண்டும். டி வாங்கினால் அந்த செமஸ்டர் கிடையாது. யாருடைய ஓட்டும் தேவையில்லை, பிள்ளை வீட்டிலேயே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அதன் நேர்மை பிடித்திருக்கிறது. ஆனாலும் அதுவே போதும் என்று சொல்ல மனம் வரவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டே படிக்கும் பெண்ணின் மதிப்பு அந்தப் புள்ளியிலும் தெரியாது. நான்கு தகுதிகளும் இருக்கட்டும், ஆனால் மறுக்கப்பட்ட பிள்ளையைத் தனியாக அழைத்து எதில் குறைந்தது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆசிரியர்கள் தரப்பும் எனக்குப் புரிகிறது. காரணம் சொன்னால் பெற்றோர் வக்கீலோடு வந்து நிற்பார்கள். ஐந்து பேரும் ஊதியமில்லாமல் மாலையில் உட்கார்ந்து நூறு படிவங்களைப் படிக்கிறவர்கள். காப்பியடித்த விவகாரம் மாதிரி ஏதாவது இருந்தால் வெளியே பேசவும் முடியாது. சரி, வெளியே பேச வேண்டாம். அந்தப் பிள்ளையிடம் பேசலாமே. காப்பியடித்தவனுக்குத் தெரியும் தான் காப்பியடித்தது. எதுவுமே செய்யாதவள்தான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, நான் யாரிடம் எப்படி நடந்துகொண்டேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

கல்லூரிக்கு இதனால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் படிவத்தில் விருதுகளுக்கு ஐந்து வரி இருக்கிறது, அதில் இது ஒரு வரி. ஆனால் பதினாறு வயதில் நண்பர்கள் எல்லோரும் உறுப்பினராகச் சேரும் விழாவில் மெழுகுவர்த்தி ஏந்தி மேடையேறும்போது இந்தக் கணக்கெல்லாம் ஆறுதல் ஆகாது.

எங்கள் தெருப் பெண்ணின் அம்மா நேற்று போனில், "அக்கா, பிரின்சிபாலுக்கு எழுதட்டுமா, வேண்டாமா? பிள்ளைக்கு அப்புறம் ஏதாவது ஆகுமோ?" என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். தேசிய அலுவலகத்துக்கு எழுதிப் பயனில்லை, உள்ளூர்த் தேர்வில் அவர்கள் தலையிடுவதில்லை. முதல்வருக்குத்தான் எழுத வேண்டும். ஓட்டு விவரம் கேட்காதீர்கள், தர மாட்டார்கள். பள்ளியின் எழுத்துப்பூர்வமான தேர்வு முறையைக் கேளுங்கள், அது இருந்தாக வேண்டும். எந்தத் தகுதியில் குறைந்தது என்று கேளுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்வதையும் கடை வேலையையும் படிவத்தில் எழுதினாளா என்று அவளிடமும் கேளுங்கள், எழுதியிருக்க மாட்டாள் என்றே நினைக்கிறேன். அவள் இன்னும் ஜூனியர்தான் (பதினொன்றாம் வகுப்பு), சீனியர் வருடத்திலும் (பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வு வைக்கிற பள்ளிதான் இது. கடிதத்தின் முதல் வரைவை நானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.