பேயைப் படித்தால் பேயை நம்புகிறேன் என்று அர்த்தமா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் அந்த வீடியோவை யாராவது இதற்குள் அனுப்பியிருப்பார்கள். நான் மணிமேகலையின் சுடுகாட்டைப் பற்றிப் பேசி முடித்து உட்கார்ந்ததும் மேடையிலிருந்த ஓர் அறிஞர் மைக்கைப் பிடித்து, "அம்மா வேப்பிலை கொண்டு வந்திருக்காங்களா?" என்று கேட்டார். சபை சிரித்தது. சரி, சிரிக்கட்டும். அடுத்து அவர் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பேய், மந்திரம், ஆளை வருத்தும் அணங்கு என்று எழுதியதையெல்லாம் பாடத்திலிருந்து எடுத்துவிட வேண்டுமாம். பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம்.

பேயைப் பற்றிப் படிப்பது பேயை நம்புவது ஆகாது. இதைக்கூட எழுதிக் காட்ட வேண்டிய நிலைமை.

அன்று நான் பேசியது என்ன? மணிமேகலையில் வரும் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. சார்ங்கலன் என்ற பையன் தனியாகச் சுடுகாட்டுக்குள் போகிறான். அங்கே பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைப் பார்க்கிறான். நடுங்கி வீட்டுக்கு ஓடிவந்து, பேய்க்கு உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிச் சாகிறான். அம்மா கோதமை பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் புகாரின் காவல் தெய்வமான சம்பாபதியிடம் முறையிடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொள், என் கண்ணில்லாத கணவனை இவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள். தெய்வம் என்ன பதில் சொல்கிறது? "அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா." பேய் உயிரைத் தின்னாது, உன் மகன் ஊழ்வினையால் செத்தான் என்கிறது. கோதமை விடுவதாயில்லை. கடைசியில் அத்தனை தேவர்களும் வந்து நின்று எங்களாலும் முடியாது என்று கைவிரிக்கிறார்கள்.

ஊழ்வினையை நீங்கள் ஏற்க வேண்டாம், நானும் வாதாட வரவில்லை. ஆனால் பேய் அடித்துச் செத்தான் என்ற பேச்சை ஒரு தெய்வத்தின் வாயாலேயே மறுக்க வைத்திருக்கிறார் மணிமேகலை எழுதிய சாத்தனார். இதைப் படித்துப் பிள்ளை கெட்டுப்போகுமா? வகுப்பில் இதை நடத்திய அன்று பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "அப்போ அவன் பயத்துலதான் செத்தானா டீச்சர்?" என்று கேட்டாள். பாடநூலில் அந்தக் கேள்வி இல்லை. அவளுக்கே தோன்றியது.

நற்றிணை 34ஐ எடுங்கள். காதல் நோயில் மெலிந்த பெண்ணுக்கு முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்துக்கொண்டான் என்று, பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு ஆட வைக்கிறார்கள். நோய்க்குக் காரணம் காதலன் என்று தோழிக்குத் தெரியும். அவள் நேராக முருகனையே பார்த்து, "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே" என்கிறாள். நீ கடவுளாகவே இரு, ஆனாலும் நீ மடையன்தான்! பகுத்தறிவை ஏதோ போன வாரம் பார்சலில் வரவழைத்தது போலப் பேசுகிறவர்கள் இந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம்.

"பேய் பிடித்தது என்று இன்றும் பெண்களை அடிக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். உண்மை, கொடுமை. அடிக்கிறவனைப் போலீசில் பிடித்துக் கொடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் அவன் மணிமேகலை படித்துவிட்டா அடிக்கிறான்? படித்திருந்தால் ஒருவேளை கை கொஞ்சம் தயங்கியிருக்கும். "தாயத்து விற்கிறவனுக்கு நீங்கள் விளம்பரம் செய்கிறீர்கள்" என்று இன்னொருவர் இன்பாக்ஸில் எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

வேப்பிலைக்கு வருகிறேன், அதுதான் உண்மையில் சுட்டது. எனக்கு அம்மை போட்டிருந்தபோது அப்பாயி வாசலில் வேப்பிலை செருகினாள். தலைமாட்டில் உட்கார்ந்து இரவெல்லாம் ஏதோ பாடிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடமே போகாதவள். பின்னாளில் புறநானூறு 281ஐப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. புண்பட்டுக் கிடக்கும் கணவனைக் காக்க ஒருத்தி தோழியைக் கூப்பிடுகிறாள்: இரவந்தழையும் வேம்பும் வீட்டில் செருகுவோம், ஐயவி என்ற வெண்சிறுகடுகு சிதறுவோம், ஆம்பல் குழல் ஊதுவோம், காஞ்சிப் பண் பாடுவோம், வாசனைப் புகை போடுவோம் என்று. அரிசில் கிழார் பாட்டு. பேய் அண்டாமல் வைக்கிற காவல் என்றே இதைப் படித்து வருகிறோம். நான் அதில் ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஒரு பெண்ணையும் பார்க்கிறேன். அந்த அறிஞருக்கு அங்கே மூடத்தனம் மட்டும் தெரிகிறது என்றால், அவர் வீட்டில் யாருக்கும் காய்ச்சலே வந்ததில்லை போலும்.

இதையெல்லாம் மூடி வைக்கச் சொன்னதில் அந்த அறிஞர் முதல் ஆள் இல்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்கள், பேய்கள் பற்றியெல்லாம் கேட்டு எழுதி ஜெர்மனியின் ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே அந்த மிஷன் வேலையை நடத்திய பிராங்கே அதை அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது. நூற்றைம்பது வருஷம் ஒரு கையெழுத்துப் பிரதி தூங்கியது. அவர் மதத்தின் பெயரால் மூடி வைத்தார், இவர் அறிவியலின் பெயரால் மூடச் சொல்கிறார்.

இதே அறிஞர் ஐரோப்பியச் சூனியக்காரி வழக்குகளைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதியவர். 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் சூனிய நம்பிக்கையை மறுத்து எழுதிய புத்தகத்தைச் சிலாகித்தவர். நானும் ரசித்துத்தான் படித்தேன். லண்டன் அச்சில் வந்தால் ஆராய்ச்சி, புகார்ச் சுடுகாடு என்றால் வேப்பிலை! ஆங்கிலம் பேசுகிற பேய்களுக்கு மட்டும் மரியாதை போலிருக்கிறது.

கலிங்கத்துப்பரணியை நான் எடுக்கவே இல்லை, எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. செயங்கொண்டாரின் போர்க்களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. அதில் சமணப் பேய்க்கு மயிர் இல்லாமல் வடிகட்டி ஊற்றச் சொல்கிறார் மனுஷன். அவரவர் ஆசாரத்தைப் பேயிடம் ஏற்றிக் கிண்டல் செய்த அந்தத் துணிச்சல் இன்று எந்த மேடையில் இருக்கிறது? ஒரு நரைத்த டீச்சரைக் கிண்டல் செய்யும் துணிச்சல் மட்டும் இருக்கிறது. கூட்டத்தை நடத்தியவர்கள் எனக்குப் பல வருஷப் பழக்கம். அவர்களும் கைதட்டினார்கள். இரவு போன் செய்து, "அவர் ஜாலியாச் சொன்னாரு, மனசுல வச்சுக்காதீங்கக்கா" என்றார்கள். மனசில்தான் வைத்திருக்கிறேன்.

யாராவது இங்கே வந்து "உலகத்தார் உண்டென்பது இல்லென்பான்" பேயாகவே எண்ணப்படுவான் என்ற குறளை எனக்கு ஆதரவாகப் போடுவீர்கள். வேண்டாம். பேய் உண்டு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அப்புறம், கமெண்டில் "டீச்சர் பேய்" என்று எழுதக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். திருவாலங்காட்டுப் பதிகம் பாடிய அம்மையார் தன்னையே காரைக்கால் பேய் என்றுதான் சொல்லிக்கொண்டார். தாராளமாக எழுதுங்கள்.