மூணு விரலும் கெர்னலுக்குத் தெரியுது, அப்புறம் என்ன கேடு?

ரெண்டு வாரமா வயிறெரிஞ்சு கிடக்கேன். என் லினக்ஸ் லேப்டாப் டச்பேட்ல ஒரு விரலால தட்டினா கிளிக் ஆகுது. ரெண்டு விரலுக்கு ரைட் கிளிக் வருது. மூணு விரலால தட்டினா? ஒண்ணுமே இல்ல. நடு பட்டன் கிளிக் வரணும், அவ்வளவுதான் நான் கேக்கறது. செலக்ட் பண்ணினதை அந்த நடு கிளிக்காலதான் டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற விண்டோ) ஒட்டி ஒட்டியே வேலை பாக்கறவனுக்கு அது இல்லேன்னா கை ஒடிஞ்ச மாதிரி.

டச்பேடை ஓட்டற டிரைவர் லிப்இன்புட்னு நினைச்சு, அதோட கான்ஃபிக் ஃபைல்ல டேப்பிங்கை (தட்டினா கிளிக்) ஆன் பண்ணினேன். ரீபூட். மாறல. திரும்ப எழுதினேன், திரும்ப ரீபூட். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "உங்க டச்பேட் பழசு, ரெண்டு விரலுக்கு மேல அதுக்குத் தெரியாது."

இதைக் கேட்டாதான் ஆத்திரமா வருது! பழைய டச்பேட் பலதும் ரெண்டு விரலோட இடத்தைத்தான் சொல்லும், ஒத்துக்கறேன். சிலது அதைக்கூட ஒழுங்கா சொல்லாது. ரெண்டு விரலையும் சுத்தி ஒரு கட்டம் போட்டு அதோட மூலைகளை மட்டும் கொடுக்கும். ஆனா மூணாவது விரல் எங்கே இருக்குன்னு தெரியாத டச்பேட்கூட, மொத்தம் மூணு விரல் வைச்சிருக்குன்னு தனியா சிக்னல் அனுப்ப முடியும். தட்டறதுக்கு எண்ணிக்கை போதுமே, இடம் எதுக்கு? விரல்களைக் கிள்ளற மாதிரி சேர்த்து பின்ச் பண்ண முடியலன்னு நான் அழுதேனா?

கடைசியில, டச்பேட்ல இருந்து கெர்னலுக்கு (சிஸ்டத்தோட மையப் பகுதி) வர்ற சிக்னலைக் காட்டற எவ்டெஸ்ட் ஓட்டிப் பாத்தேன். மூணு விரல் வைச்சதும், மூணு விரல் இருக்குன்னு சொல்ற டிரிபிள்டேப் சிக்னல் 1. எடுத்ததும் 0. ஒவ்வொரு தடவையும், தப்பாம. ஹார்டுவேர் மேல ஒரு குத்தமும் இல்ல.

அப்புறம்தான் திரையையும் மவுஸையும் கவனிக்கிற எக்ஸ் சர்வரோட லாகைத் திறந்தேன். டச்பேடைப் பிடிச்சு வைச்சிருந்தது லிப்இன்புட்டே இல்ல, பழைய சினாப்டிக்ஸ் டிரைவர்! எப்பவோ ஏதோ பேக்கேஜோட வந்து உக்காந்திருக்கு. அதோட கான்ஃபிக் ஃபைல் பேர் 70-ல ஆரம்பிக்குது, லிப்இன்புட்டோடது 40-ல. பேர் வரிசையில படிக்கிறதால கடைசியா வர்றது சொல்றதுதான் நிக்கும். அந்த டிரைவர்ல மூணு விரலுக்கான டேப்பட்டன்3 மதிப்பு 0, அதாவது எதுவும் செய்யாதே. நான் ஆன் பண்ணின ஆப்ஷன் பேரே அதுக்குத் தெரியாது.

பேக்கேஜைத் தூக்கினேன், மறுபடி லாகின் பண்ணினேன், முதல் தட்டுலயே வந்துடுச்சு. ரெண்டு வாரம் போனது போனதுதான்.

உதவின்னு வர்றவங்களுக்குச் சொல்றேன், எந்த டிரைவர் பிடிச்சிருக்குன்னு கேக்காம கான்ஃபிக் வரிகளை அள்ளி வீசாதீங்க. சினாப்டிக்ஸ் டிரைவரை மாத்தற சிங்க்ளையன்ட் கமாண்ட் லிப்இன்புட்ல வேலைக்காகாது. எக்ஸுக்குப் பதிலா வந்த வேலண்ட்ல இந்த ஃபைல் எதையுமே யாரும் படிக்கிறதில்ல. டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) கட்டறவங்களே, ரெண்டு டிரைவரையும் சேர்த்து நிறுவ விடறீங்க இல்ல? அப்போ டச்பேட் செட்டிங்ஸ்லயே இப்போ ஓடறது எதுன்னு காட்டுங்க. ஒரே ஒரு வரி.