ஒகேனக்கல் கிளம்பும் முன் பிலிகுண்டுலு கணக்கைப் பாருங்கள்

லீவு நாளைப் பார்த்து ஒகேனக்கல்லுக்குத் தேதி குறிப்பதை விட்டுவிடுங்கள். தண்ணீரைப் பார்த்துக் குறியுங்கள். பரிசலுக்குத் தடை போட்ட நாளில் குடும்பத்தோடு வந்து இறங்கி, துறையில் நிற்கும் போலீஸ்காரரிடம் "இவ்வளவு தூரம் வந்துட்டோம் சார், ஒரே ஒரு ரவுண்டு" என்று கெஞ்சுபவர்களை ஆடி மாதத்தில் நிறையப் பார்க்கலாம். அவரிடம் மல்லுக்கு நின்று என்ன ஆகப்போகிறது? தடை போடுவது மாவட்ட நிர்வாகம். போட வைப்பது மேலேயிருந்து வரும் தண்ணீர்.

கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளில் திறந்துவிடும் காவிரித் தண்ணீரை மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் தரச் சொன்ன 177.25 டிஎம்சிக்கும் (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) கணக்குப் பார்ப்பது இங்கேதான். வினாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் வரும். ஒரு நாள் அளவு போதாது, மூன்று நாள் அளவை வரிசையாகப் பாருங்கள். ஏறிக்கொண்டே இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இறங்குமுகமாக இருந்தால் கிளம்பலாம். அணையை மூடிவிட்டார்கள் என்பதை மட்டும் நம்பவும் முடியாது. இடையிலுள்ள காட்டில் பெரிய மழை பெய்தாலும் ஆறு ஏறும். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறி, சருகும் கிளையும் மிதந்து வந்தால், கரையில் கால் நனைப்பவர்களும் மேலே ஏறிவிட வேண்டும்.

படகுக்கு இருப்பதுபோல் பரிசலுக்கு அடியில் நீளக் கட்டை கிடையாது. வட்டமான தட்டை அடி, மூங்கில் பின்னல், அதன்மேல் தண்ணீர் புகாத உறை, அவ்வளவுதான். எல்லோரும் அடியில் உட்கார்ந்திருக்கும்வரை அது நிலையாக இருக்கும். செல்ஃபிக்காக ஒருவர் எழுந்தாலோ, அருவிப் பக்கம் எல்லோரும் ஒன்றாகச் சாய்ந்தாலோ, அந்த ஓரம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே வரும். ஏறும்போது விளிம்பை மிதிக்காமல் நடுவில் கால் வையுங்கள். எடை கூடியவர்கள் இருவர் என்றால் எதிரெதிராக உட்காருங்கள். பரிசலைப் பம்பரம்போலச் சுழற்றிக் காட்டச் சொல்லி ஓட்டுபவரை வற்புறுத்தாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில்தான் மனம் பதறுகிறது. வாங்கித் தோளில் மாட்டி, கொக்கியைப் போடாமலே பலர் ஏறிவிடுகிறார்கள். எல்லாக் கொக்கியையும் போட்டு, பட்டையை இழுத்து இறுக்குங்கள். பிறகு வேறொருவரை ஜாக்கெட்டின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது காதுவரை ஏறினால் தண்ணீரில் விழும்போது கழன்றுவிடும். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டவே கூடாது. சரியான அளவு இல்லையென்றால் குழந்தையைக் கரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அழட்டும், பரவாயில்லை.

மணல் திட்டில் இறங்கினாலும் குளிப்பது அனுமதித்த இடத்தில் மட்டுமே. பாறையில் பாசி வழுக்கும். தண்ணீர் குடைந்த குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம். நீச்சல் தெரியும் என்ற தைரியம் ஓடும் தண்ணீரில் செல்லாது.

சாப்பாட்டுக்கு மீனை முதலிலேயே வாங்கிவிடுங்கள். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்க வேண்டும். எடை போட்ட மீனை உங்கள் கண் முன்னாலேயே வெட்டச் சொல்லுங்கள். சமைத்துத் தரும் அக்காவிடம் குழம்புக்கு எவ்வளவு, வறுவலுக்கு எவ்வளவு, எண்ணெயும் மசாலாவும் யார் செலவு என்று பேசி முடித்துக் கொடுத்துவிட்டுப் பரிசலுக்குப் போனால், திரும்பும்போது சூடாகத் தயாராக இருக்கும். பசியோடு வந்து பேரம் பேசினால் அவசரத்தில் கேட்டதைக் கொடுக்க வேண்டிவரும்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகப் போவது நல்ல வழி. ஓசூர்க்காரர்கள் அஞ்செட்டி காட்டுப் பாதையைப் பிடித்தால் வெளிச்சத்திலேயே திரும்பிவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு. குரங்குக்குத் தின்னக் கொடுக்க எங்கும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. அன்றைய நீர்வரத்தையும் பரிசலுக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதையும் தருமபுரி, பென்னாகரம் பேருந்து நிலையங்களில் காலையிலேயே பெரிய பலகையில் எழுதி வையுங்கள். மலைப்பாதை இறங்கி ஆற்றங்கரைக்கு வந்த பிறகு சொல்வதைவிட, பஸ் ஏறும் முன்பே சொல்லிவிடலாம்.