பைதான் தன் விலாசத்தைத் தானே எழுதி வைக்கட்டும்

போன மாதம் மூன்று நாள் ஒரே ஒரு பிழைச் செய்தியோடு மல்லுக்கட்டினோம். பைதான் மொழி தன் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று தானே எழுதி வைத்திருந்தால் அது நேர்ந்திருக்காது. 32 பிட் ஏஆர்எம் செயலி உள்ள போர்டில் ஓட வேண்டிய சின்ன சி எக்ஸ்டென்ஷன் (பைதான் தனக்குள் ஏற்றிக்கொள்ளும், சி மொழியில் எழுதிய நிரல்), மொத்தமே இருநூறு வரி இருக்காது. கம்பைல் செய்தால், 'லாங்_பிட்' (லாங் என்ற எண் வகையின் அளவு) வரையறை தப்பாக இருக்கிறது, உங்கள் ஜிசிசி கம்பைலர் அல்லது ஜிலிப்சி லைப்ரரி அமைப்பு சரியில்லையோ என்று கேட்டு நின்றுவிடும். நாங்களும் அதை நம்பி ஜிசிசியை மாற்றினோம், கம்பைலரும் துணைக் கருவிகளும் சேர்ந்த டூல்செயினை முழுசாக அழித்து மறுபடி இறக்கினோம். பிழை அசையவில்லை.

ஜிசிசி மேல் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் லேப்டாப்பில் நாங்களே கட்டி வைத்திருந்த 64 பிட் பைதானின் ஹெடர்களை (கம்பைலர் படிக்கும் அறிவிப்புக் கோப்புகளை) கம்பைல் வேலையை நடத்தும் பில்ட் டூல் எடுத்து கம்பைலரிடம் கொடுத்திருந்தது. அதில் இருந்த 'பைகான்ஃபிக்.எச்' லாங் என்றால் 8 பைட் என்கிறது. போர்டிலோ லாங் 4 பைட். லாங் அளவை ஒப்பிடும் அந்த ஒரு சோதனை பைதானின் ஹெடருக்குள் இருந்ததால் பிழைத்தோம். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் கம்பைல் ஆகி, வாடிக்கையாளர் கையில் போய் விழுந்திருக்கும்.

டூல் ஏன் லேப்டாப்பின் ஹெடரை எடுத்தது? அதற்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஹெடர் எங்கே, லைப்ரரி எங்கே, எக்ஸ்டென்ஷன் கோப்பின் பெயர் எப்படி முடிய வேண்டும் என்று தெரிய வேண்டுமானால், பைதானை ஓடவிட்டு அதன் 'சிஸ்கான்ஃபிக்' மாட்யூலிடம் கேட்க வேண்டும். சிமேக், மெசான் போன்ற பில்ட் டூல்கள், ரஸ்ட் மொழிக்காரர்கள் எக்ஸ்டென்ஷன் எழுதப் பயன்படுத்தும் பையோ3 எல்லாமே இயல்பாக இதைத்தான் செய்கின்றன. ஏஆர்எம் பைதானை இன்டெல் லேப்டாப்பில் ஓடவிட முடியாது. எனவே ஓடக்கூடிய பைதான் எது கண்ணில் பட்டதோ அதைக் கேட்டது. வீட்டு விலாசத்தை வாசலில் எழுதாமல், உள்ளே இருப்பவரை எழுப்பித்தான் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். அவர் எழுந்திருக்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டு விலாசம் கிடைக்கிறது.

'ஹெடர்களைத் தரும் பைதான்3-டெவ் பேக்கேஜை நிறுவினால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு' என்று சிலர் சொல்கிறார்கள். கட்டும் கணினியும் ஓடும் கணினியும் ஒன்றாக இருக்கும் வரை அது சரி. டெபியன் லினக்ஸ்காரர்கள் அதற்கு மேலும் யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய 'பைகான்ஃபிக்.எச்' வெறும் வாசல்படி; எந்தக் கட்டமைப்புக்குக் கம்பைல் செய்கிறோம் என்று பார்த்து அதற்கான கோப்புக்கு அனுப்பிவிடும். நல்ல வேலை. ஆனால் அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

ஹெடர் கிடைத்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். லைப்ரரி இன்னொரு தனிக் கதை. லினக்ஸில் எக்ஸ்டென்ஷன் எழுதுபவருக்கு ஹெடர் மட்டும் போதும். பைதானின் லைப்ரரியான 'லிப்பைதான்' உடன் லிங்க் செய்யக் கூடாது, அதாவது அதோடு கோத்துவிடக் கூடாது. எக்ஸ்டென்ஷனை ஏற்றும் பைதானிடமே அதற்கு வேண்டிய சிம்பல்கள் (செயற்கூறுகளின் பெயர்கள்) இருக்கின்றன. லிங்க் செய்தால், லிப்பைதான் தனிக் கோப்பாக இல்லாத கணினியில் அது ஏறவே ஏறாது. பிழை தேடும் கருவியான ஜிடிபி போல பைதானைத் தனக்குள்ளே வைத்துக்கொள்ளும் நிரலுக்கோ லிங்க் செய்தே ஆக வேண்டும். விண்டோஸில் எக்ஸ்டென்ஷனுக்கும் லைப்ரரி வேண்டும். இத்தனை வேறுபாட்டையும் வெகுகாலம் ஒரே பதிலில் அடைத்து வைத்திருந்தார்கள்.

2019இல் வந்த 3.8 பதிப்பில்தான் அதைப் பிரித்தார்கள். அதன் பிறகு 'பைதான்3-கான்ஃபிக்' கட்டளையில் 'எம்பெட்' என்று தனியாகக் கேட்டால் மட்டுமே லிப்பைதான் வரும். அப்போது பலருடைய பில்ட் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது. ஆனாலும் அது சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன். அடுத்த ஆண்டு சிமேக் 3.18 இதே பிரிவைத் தன் பக்கம் கொண்டுவந்தது. பேசல் என்ற பில்ட் டூலின் பைதான் விதிகளிலும் ஹெடருக்கு ஒரு டார்கெட், லைப்ரரிக்கு வேறு டார்கெட்.

இந்தப் பின்னணியில்தான் பைதானின் மேம்பாட்டு முன்மொழிவான பெப் 739 எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது. ஃபிலிப்பே லாயின்ஸ் எழுதியது. 2025 அக்டோபரில் வெளியான பைதான் 3.14இல் சேர்ந்தது. 'பில்ட்-டீடெயில்ஸ்.ஜேசான்' என்று ஒரு கோப்பு, அவ்வளவுதான். ஹெடர் கோப்புறை எங்கே, லிப்பைதான் எங்கே, எக்ஸ்டென்ஷன் பெயரின் பின்னொட்டு என்ன, எல்லாம் அதில் எழுதியிருக்கும். எக்ஸ்டென்ஷனை லிப்பைதானோடு லிங்க் செய்ய வேண்டுமா என்பதற்கே தனிப் புலம் வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. ஏஆர்எம் பைதானின் கோப்பை இன்டெல் கணினியில் எந்த மொழியிலும் திறந்து படிக்கலாம், பைதானை ஓடவிடவே வேண்டாம்.

பைதானைப் பேக்கேஜ் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கோப்பில் முழுப் பாதைக்குப் பதிலாக, கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் பாதையை எழுத பெப் இடம் தருகிறது. தயவுசெய்து அப்படியே எழுதுங்கள். வேறு கணினியில் கட்டிய பைதானை இறக்கி விரிக்கும்போது, கட்டிய கணினியின் பாதையே உள்ளே பதிந்து கிடப்பதை நிறையப் பார்த்துவிட்டோம்.

பில்ட் டூல் எழுதும் நண்பர்களே, முதலில் அந்தக் கோப்பைத் தேடுங்கள், அது இல்லாவிட்டால் மட்டும் பைதானை ஓடவிடுங்கள். வேறு கட்டமைப்புக்குக் கட்டும்போது கோப்பும் கிடைக்கவில்லை என்றால், கிடைத்த பைதானைக் கேட்காமல் அங்கேயே நின்று சொல்லிவிடுங்கள். போர்டிலிருந்து ஹெடர்களை எடுத்து வந்து, பாதையைக் கையால் கொடுத்ததும் எங்கள் எக்ஸ்டென்ஷன் சில நொடிகளில் கம்பைல் ஆனது.