இருதயத்தை அறிந்தவர் ஒருவரே

"கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்." நம் சபைகளில் இந்த வசனம் பெரும்பாலும் மிரட்டலாகத்தான் வந்து விழுகிறது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடம், "மனசுக்குள்ள நினைக்கிறதுகூட அவருக்குத் தெரியும், ஜாக்கிரதை." பெரியவர்களிடம் பிரசங்க பீடத்திலிருந்து, "இங்கே உட்கார்ந்திருக்கிற சிலருடைய இருதயம் சரியில்லை." எனக்கு இதில் ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு. அந்த வசனம் யாரைத் திருத்தச் சொல்லப்பட்டது? ஒரு தீர்க்கதரிசியை! பெத்லெகேமில் ஈசாயின் மகன் எலியாபைப் பார்த்ததுமே, ராஜாவாக அபிஷேகம் பெறப்போகிறவன் இவன்தான் என்று மனதுக்குள் முடிவுகட்டியவர் சாமுவேல். ஆள் பார்க்க அப்படி இருந்தான்.

அந்த வசனம் வருகிற 1 சாமுவேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்துக்குப் போங்கள். அதே சாமுவேலைப் பெற்ற அன்னாள், பிள்ளையில்லாத துக்கத்தோடு சீலோவிலிருந்த ஆலயத்தில் ஜெபம் பண்ணுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வெளியே வரவில்லை. வாசல் நிலையருகே ஆசனத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அவள் வாயையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்கிறார்: "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்?" குடித்திருக்கிறாளாம்! அவளோ, "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்கிறாள். ஆலயத்துக்குள்ளேயே, ஆசாரியன் கண்முன்னேயே ஒரு இருதயம் ஊற்றப்படுகிறது. அவருக்குத் தெரிந்தது குடிவெறி.

ஆசாரியனும் தவறினார், தீர்க்கதரிசியும் தவறினார். நமக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தத் துணிச்சல்? எங்கள் சபையில் ஒரு அக்கா கணவரை இழந்த பிறகு கடைசி வரிசையில் உட்காருகிறார். பாடுவதில்லை, கை உயர்த்துவதில்லை, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொள்கிறார். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போதே பேச்சு: "பாவம், விசுவாசத்துல பின்வாங்கிட்டாங்க." யார் கண்டது?

"இருதயமே திருக்குள்ளது", அதாவது வஞ்சகமானது, என்று எரேமியா தீர்க்கதரிசி சொல்லவில்லையா என்பீர்கள். சொன்னார். அடுத்த கேள்வியையும் சேர்த்து வாசியுங்கள்: "அதை அறியத்தக்கவன் யார்?" பதில், "கர்த்தராகிய நானே." தேவாலயப் பிரதிஷ்டை ஜெபத்தில் சாலொமோன் ராஜாவும், மனிதரின் இருதயத்தை அறிந்தவர் "தேவரீர் ஒருவரே" என்கிறார். அந்த "ஒருவரே"க்குள் போதகருக்கும் இடமில்லை, மூப்பருக்கும் இடமில்லை, எனக்கும் இல்லை.

எனக்கு எப்போதும் பேதுருதான் நினைவுக்கு வருவார். இயேசு பிடிக்கப்பட்ட ராத்திரியில், கரிநெருப்பில் குளிர்காய்ந்து நின்றபடி, அவரை மூன்று தரம் மறுதலித்த சீஷர். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில், மறுபடியும் ஒரு கரிநெருப்புப் பக்கத்தில், "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்கிறார். எதைக் காட்டி நிரூபிப்பார் பேதுரு? செய்ததெல்லாம் அவருக்கு எதிராகவே நிற்கிறது. "ஆண்டவரே, நீர் எல்லாவற்றையும் அறிவீர், நான் உம்மை நேசிக்கிறேன் என்பதையும் நீர் அறிவீர்." தேவன் எல்லாம் அறிவார் என்பது அவருக்குப் பயமாக இல்லை. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அதுதான்.

ஏலியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்னாள் வாய் திறந்து சொன்னதும் அவர் மேலே விசாரிக்கவில்லை. அவள் வார்த்தையை அப்படியே நம்பி, "சமாதானத்துடனே போ" என்று ஆசீர்வதித்து அனுப்பினார். நாம் அந்த அக்காவிடம் இன்னும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.