நம்பிக்கையும் நிரூபணமும்: கீழ்வெண்மணியை முன்வைத்து

ஒருவர் குற்றவாளி என்று ஊரே நம்பும்போது நீதிமன்றம் ஏன் தயங்க வேண்டும் என்று, நான் படித்த ஒரு கட்டுரையில் அதன் கட்டுரையாளர் கேட்கிறார். தயங்கத்தான் வேண்டும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே, நீதிமன்றம் ஒன்றை மெய்யென நம்பினாலோ, விவேகமுள்ள மனிதர் அதை மெய்யாகக் கொண்டு செயல்படும் அளவுக்கு நிகழ வாய்ப்புள்ளதாகக் கருதினாலோதான் அது நிரூபிக்கப்பட்டதாகும் என்றது. ஆனால் அந்த நம்பிக்கை நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டவற்றிலிருந்தே பிறக்க வேண்டும்.

அது வேறெங்கிருந்தோ பிறந்தால் என்ன ஆகும் என்பதைக் கீழைத் தஞ்சை மக்களாகிய நாங்கள் அறிவோம். 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரும் மிராசுதார்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்பதும் அத்தீர்ப்பு சொன்ன காரணங்களுள் ஒன்று. என் பார்வையில், அது நியாயமான சந்தேகமே அன்று. செல்வர் இதைச் செய்யார் என்ற முன்முடிவு. கட்டுரையாளர் ஊராரின் நம்பிக்கையை ஆராய்ந்த அளவுக்கு, நீதி இருக்கையில் அமர்பவர் உடன் கொண்டுவரும் நம்பிக்கையையும் ஆராய்ந்திருக்க வேண்டும்.